பள்ளத்தில் நின்ற ஓவியர்

"இதில் பனி எங்கே ஐயா? ஒரே நீலமாக அல்லவா இருக்கிறது!" என்றார் நண்பர். ரஷ்ய ஓவியர் ஈகர் கிராபார் தீட்டிய 'பிப்ரவரி நீலம்' என்ற சித்திரத்தின் வர்ணப் பிரதியை அவரிடம் காட்டினேன். அவர் கேலியாகச் சொன்னாலும் அவருடைய கண் பொய் சொல்லவில்லை. பனி மூடிய பிர்ச் மரத் தோப்பு. தரையில் கிடக்கும் நிழல் நீலமும் கத்தரிப்பூ நிறமுமாக இருக்கிறது. வானமோ மேலே போகப் போக அடர்ந்துகொண்டே போகிறது. சுத்த வெள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1904-ல், மாஸ்கோவுக்கு அருகே துகினோ என்ற பண்ணையில் கிராபார் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். உலாவப் போன இடத்தில் கைத்தடி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே மேலே பார்த்தார். தினமும் பார்த்த மரம்தான். அன்று வேறாகத் தெரிந்தது. பிறகு பனியில் ஒரு மீட்டருக்கு மேல் பள்ளம் வெட்டி, அதற்குள் பெரிய கித்தானை நிறுத்தி, குடையை விரித்துக்கொண்டு வரைந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய வைராக்கியத்தைப் புகழ்வது வழக்கம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. குளிரில் விறைத்துக்கொண்டு மோசமான படம் போட்டவர்களும் இருப்பார்கள். பார்வையின் மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டாரே, அதுதான் எனக்கு முக்கியம். நிமிர்ந்து நின்று பார்த்தால் அது தோப்பில் ஒரு மரம். பள்ளத்திலிருந்து பார்த்தால் அடிவானம் கீழே இறங்கிவிடுகிறது. மரம் உடம்பை வளைத்து எழும்பி, உச்சி சட்டத்துக்குள் அடங்காமல் போய்விடுகிறது. இயற்கைக் காட்சி என்றால் படத்தை அகலவாட்டில் போடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். இவரோ 141 செண்டிமீட்டர் உயரம், 83 அகலம் என்று நிமிர்த்தி வைத்துவிட்டார். வர்ணங்களைக் குழைத்து மழுப்பாமல், பிரெஞ்சுக்காரர்களின் வழியில், தனித்தனித் தீற்றல்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். மூலப்படம் மாஸ்கோவில், ட்ரெத்யகோவ் காலரியில் இருக்கிறது. பிரதியிலேயே கண் கூசுகிறது.

நண்பர் விடவில்லை. "ருஷ்ய ஜப்பான் யுத்தம் மூண்டதும் அதே பிப்ரவரியில்தானே? மனிதர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா?" என்றார்.

இருபது வயதில் நானும் இதையே கேட்டு, காரசாரமாக ஒரு கட்டுரையும் எழுதியிருப்பேன். இன்று அந்தக் கேள்வியைத் தள்ளவும் முடியவில்லை, அதற்காகப் படத்தைத் தள்ளவும் முடியவில்லை. ஊரில் சாவு விழுந்த அன்றும் உட்கார்ந்து காதல் கதைக்கு ஓர் அத்தியாயம் எழுதியவன் நான். கிராபாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு என்ன யோக்கியதை? இதை நண்பரிடம் சொல்லவில்லை.

"இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன்" என்று பிரதியை வாங்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் ஆகிறது. கேட்டால், "இருக்கட்டுமே, என்ன அவசரம்?" என்கிறார்.