பேய்மிரட்டியின் கீழுதடு

பேய்மிரட்டியை மருந்துச் செடி என்ற ஒரே கணக்கில் அடைத்துவிட்டதால் அதன் பூவைப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. வேது பிடிக்கவும், குழந்தையின் மாந்தத்துக்கும், பச்சை இலையைத் திரியாகச் சுருட்டி விளக்கேற்றவும் தேடுகிறவர்கள் இலையோடு நின்றுவிடுகிறார்கள். அழகெல்லாம் பூவின் கீழுதட்டில் இருக்கிறது. மேலுதடு சிறியது, வெளிறியது. கீழுதடோ இளம் ஊதாவில் அகன்று இறங்கும். அதன் நடுமடல் நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். மேலே வளைந்து நீளும் மகரந்தத் தாள்களில் மயிர் அடர்ந்திருக்கும். வண்டு கீழுதட்டில் கால் பதித்துத் தேனுக்குத் தலை நுழைத்தால் முதுகில் மகரந்தம் படும். அந்த உதடு அலங்காரத்துக்காக அகன்றதல்ல. தும்பைப்பூவின் வெண்மையைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. தும்பை தூரத்திலிருந்தே தெரியும், இது குனிந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். பிரேசிலிலிருந்து வந்த சிவப்புச் சால்வியாவும் பேய்மிரட்டியின் குடும்பம்தான். பாத்தி முழுக்க ஒரே சிவப்பாக அது நிற்கும்போது தனிப்பூ ஒன்றைக்கூடக் கண் தேடுவதில்லை.

தோட்டத்தில் வைத்தால் ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடுகிறது, பார்வையாக இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் குற்றம் வளர்ப்பில் இருக்கிறது. தாமிரபரணிக் கரை ஆத்தூர்ப் பக்கத்துக் கை வெற்றிலைக் கொடிக்காலில் பழகிய கை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர் வெற்றிலைக்கு நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். அதே பரிவைப் பேய்மிரட்டிக்குக் காட்டினால் இலையைப் போர்த்தும் சாம்பல் நிறப் பஞ்சு மெலிந்து, வெறும் பச்சையாகிவிடும். அந்தச் சாம்பல் பின்னணி இல்லாமல் ஊதா எடுபடாது. தாமிரபரணிப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில், முழு வெயிலில் நிற்கும் செடி எவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று பார்த்தாலே போதும், வேறு பாடம் வேண்டாம். தண்ணீரைக் குறைத்து, பூ ஓய்ந்ததும் பாதிக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து தழைக்கும். வாடை கடுமை என்பவர்களுக்கும் பதில் உண்டு: கசக்கினால்தான் அந்த வாடை தூக்கலாக எழும், வாசலோரம் நிற்பதை யாரும் கசக்கப் போவதில்லை.

வருத்தமெல்லாம் இன்றைய ரசனை மேல்தான். முற்றத்துக்குச் சிமெண்டு பூசி, தொட்டியில் ஒட்டுச்செடி வாங்கி வைக்கிறோம். புறம்போக்கைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. மிச்சமிருக்கும் ஓரங்களில் பேய்மிரட்டி பூக்கும்போதே களையென்று அறுக்கிறார்கள். விதை முற்றும்வரை விட்டுவைத்தால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். நர்சரிக்குப் போகவே வேண்டியதில்லை.