சின்னப்பன் மாமாவும் பவுல் சித்தப்பாவும்

தம்பின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். அம்மா கத்தோலிக்கர். அப்பா பாப்திஸ்து. ராத்திரி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, இயேசு சீடர்களுக்குக் கற்றுத்தந்த செபத்தைச் சொல்வோம். அம்மா ஆமென் சொல்லி முடித்துவிடுவார். அப்பா இன்னும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் முடிப்பார். அவருடைய சபையில் அப்படித்தான் வழக்கம். எந்த ஆமெனுக்கு எழுந்திருப்பது என்று எனக்கும் அக்காவுக்கும் குழப்பம். அக்கா அம்மாவோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விடும். நான் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தை வாசிக்கும்போதெல்லாம் அதில் எங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

சண்டை நிறையவே கிடைக்கிறது. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பிறகு வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று லுத்தரன்களுக்கு மறுப்பு எழுதினார். ‘தேம்பாவணி’ பாடியவரும் அவரேதான். பள்ளியில் நமக்குக் காவியத்தையும் சதுரகராதியையும் பரமார்த்த குருவையும் சொல்லித்தருகிறார்கள், மறுப்பு நூல்களைச் சொல்வதில்லை. தமிழ் உரைநடை வாதாடப் பழகியது இந்தச் சண்டைகளிலும்தான்.

இந்தப் பிளவைத் தன் வாழ்க்கையிலேயே கடந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய் லுத்தரன் சபையின் கவிராயர் ஆனார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ அவர் எழுதியது. பின்னாளில் புதிய மிஷனரிகள் வேதத்தின் தமிழை மாற்ற முனைந்தபோது எதிர்த்து நின்றார். இதைப் பழமைவாதம் என்பார்கள். ஆலயத்தில் சாதிப்படி உட்காரும் வழக்கத்தையும் அவர் சேர்த்தே காத்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுவயதில் ஒருமுறை வேதபாஷையை மாற்றிக்கொண்ட ஒருவர் இன்னொரு முறை மாற்ற முடியாது என்று அடம்பிடிப்பது எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு பாஷை இருந்தது.

அம்மாவின் அண்ணன் பெயர் சின்னப்பன். அப்பாவின் தம்பி பெயர் பவுல். இரண்டும் ஒரே பெயர் என்பது பத்து வயதில்தான் எனக்குத் தெரிந்தது. லத்தீனில் பவுல் என்றால் சிறியவர். அருளப்பரும் யோவானும் அப்படித்தான் ஒரே ஆள். கத்தோலிக்கர்கள் பெயரின் பொருளைத் தமிழாக்கினார்கள். சீர்திருத்த சபையார் ஒலியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அம்மாயிக்கு செபம், அப்பாயிக்கு ஜெபம். அம்மாயி பைபிளில் 73 புத்தகம், அப்பாயி பைபிளில் 66. ஞாயிறு பள்ளியில் ஒருமுறை ஏழாம் கட்டளை எது என்று கேட்டார்கள். களவு செய்யாதே என்றேன். அம்மா சொல்லித்தந்த கணக்கில் அதுதான் ஏழு. பாப்திஸ்து கணக்கில் ஏழாவது விபசாரம். டீச்சர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்.

இந்த வேற்றுமையைத் தீர்க்கத்தான் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல முயற்சி, நான் இப்போது வாசிப்பதும் அதைத்தான். ஆனால் அதில் பவுல் தங்கினார், சின்னப்பர் போய்விட்டார். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. தீர்க்கதரிசி இறைவாக்கினர் ஆனார். இரண்டு கிழவிகளையும் சமாதானப்படுத்த, இரண்டு பேரும் பேசாத மூன்றாவது தமிழ் ஒன்று வந்தது. கத்தோலிக்கர்கள் அதைப் பூசையில் வாசிக்கிறார்கள். மற்ற சபைகளில் பெரும்பாலும் பழைய பைபிள்தான்.

சொல் வேறாக இருந்த இடத்தில் எங்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை, மாமாவும் சித்தப்பாவும் ஒன்றாகத்தான் மீன்பிடிக்கப் போவார்கள். கஷ்டம், இரண்டு பக்கமும் ஒரே சொல்லைச் சொன்ன இடத்தில்தான். அந்தச் சொல் ஞானஸ்நானம்.

கலப்பு மணத்தில் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று முன்பெல்லாம் இரண்டு பேருமே உறுதி தர வேண்டும். 1970இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அதை மாற்றினார். கத்தோலிக்கத் துணை மட்டும், தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தால் போதும். என் பெற்றோர் கல்யாணம் அதற்குப் பிறகு நடந்தது, அதனால் வாக்குக் கொடுத்தது அம்மா மட்டுமே. நான் கைக்குழந்தையாக இருக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை பாப்திஸ்து ஞானஸ்நானத்தை ஏற்கும், திரும்பக் கொடுக்காது. பாப்திஸ்துகள் குழந்தை ஞானஸ்நானத்தை ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. தானாக விசுவாசித்தவன் தண்ணீரில் முழுகி எழ வேண்டும்.

17 வயதில் அப்பாவின் சபையில் என்னைக் கேட்டார்கள். எடுத்தால் அம்மாவின் வாக்கு உடையும். எடுக்காவிட்டால் அப்பா சொல்லிக்கொடுத்ததை நான் நம்பவில்லை என்று ஆகும். எடுத்தேன்.

அம்மா வரவில்லை. ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். “தலைய நல்லா துவட்டுடா, சளி புடிச்சிக்கும்” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ சீர்திருத்த சபையின் உலகம். பாமாவின் ‘கருக்கு’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ இரண்டும் கத்தோலிக்க உலகம். மூன்றும் நான் திரும்பத் திரும்ப வாசிக்கும் நூல்கள். மூன்றிலும் வீடும் கோயிலும் ஒரே பாஷை பேசுகின்றன. எங்கள் தோட்டப்புற நாவல்களில் நான் வாசித்தவரை, பெரட்டுக்களமும் கள்ளுக்கடையும் மாரியம்மன் கோயிலும் விரிவாக வரும், வேதக்காரர் வீடு ஒரு வரியில் கடந்துபோகும். மதம் என்றால் மதமாற்றம், மதமாற்றம் என்றால் துரோகம் அல்லது விடுதலை என்று இரண்டே முடிவுகளில் எழுதிப் பழகிவிட்டோம். பிள்ளைகளின் மதம் பற்றி மலேசியாவில் பேச்செடுத்தால் உடனே நீதிமன்றம் ஞாபகத்துக்கு வருகிறது, 2018இல் இந்திரா காந்தி வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு இன்னும் அதிகமாக. அந்தக் கதைகள் எழுதப்பட வேண்டும். ஆனால் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல், ஒரே கூரையின் கீழ் ஒரு தாய் தன் வாக்கு உடைந்ததைத் தெரிந்துகொண்டே சோறு போடுகிற வீடும் இருக்கிறது. வீரமாமுனிவரின் வாதமும் சாஸ்திரியாரின் பிடிவாதமும் அந்த வீட்டுக்குள் வருவதில்லை. அங்கே யாரும் யாரையும் மறுப்பதில்லை. அதனாலேயே அதை எழுதுவது கடினம்.

நானும் இரண்டு முறை கதையாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அம்மாவை அழ வைத்துவிட்டேன். அம்மா அன்றைக்கு அழவில்லை. அதை அப்படியே எழுதத் தெரிந்தவர் யாராவது எழுதினால் முதலில் வாசிப்பது நானாக இருப்பேன்.