சொந்தப் பெயர்

தான் செத்த பிறகு தன் எழுத்தில் எது மிஞ்சும் என்று நாவலாசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில்லை. பேச ஆரம்பித்தால் அப்புறம் எழுத ஓடாது. ஆனால் மார்கரெட் ஹண்ட் என்ற ஆங்கிலப் பெண்மணியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு வந்துவிடுகிறது.

விக்டோரியா மகாராணி காலத்து நாவலாசிரியை அவர். 1831-ல் பிறந்து 1912-ல் மறைந்தார். பத்து நாவல்களாவது எழுதியிருப்பார். முதலில் 'ஏவரில் பியூமான்ட்' என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். 1873-ல் வந்த 'தோர்னிக்ராப்ட்ஸ் மாடல்' அந்தப் பெயரில் வந்ததுதான். பிறகு புருஷன் பெயரில், 'மிஸஸ் ஆல்பிரட் ஹண்ட்' என்று எழுதினார். 1880-ல் வெளியான 'தி லெடன் காஸ்கெட்' அப்படி வந்தது. 1884-ல் வந்த ஒரு புத்தகத்தில்தான் 'மார்கரெட் ஹண்ட்' என்று இருக்கிறது. அது அவர் எழுதிய கதை அல்ல. கிரிம் சகோதரர்கள் சேகரித்த ஜெர்மானியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. நாவல்களை இன்று தேடிப் படிக்கிறவர் அபூர்வம். மொழிபெயர்ப்பு மட்டும் நிற்கிறது.

இதை விதியின் விளையாட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது.

அன்றைய இங்கிலாந்தில் புது நாவல் மூன்று பாகமாக வரும். விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். மத்தியதரக் குடும்பம் அதை வாங்க முடியாது. மூடி என்பவர் நடத்தியது போன்ற வாடகைப் புத்தகசாலைகளில் சந்தா கட்டித்தான் படிப்பார்கள். எனவே பதிப்பாளருக்கு உண்மையான வாடிக்கைக்காரர் அந்தப் புத்தகசாலைதான். குடும்பத்துப் பெண்கள் கையில் கொடுக்கத் தகாதது என்று மூடி நினைத்தால், அந்தப் புத்தகத்தை அவர் எடுக்கமாட்டார். நாவலாசிரியரின் மேஜைக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருப்பது போன்ற நிலைமை அது.

அம்மாள் எழுத்தைச் சும்மா பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளக்கூடிய நிலையிலும் இல்லை. கணவர் ஆல்பிரட் வில்லியம் ஹண்ட் நல்ல இயற்கைக் காட்சி ஓவியர், ரஸ்கின் மெச்சியவர். 1861-ல் இவரைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக ஆக்ஸ்போர்டு கல்லூரியில் தமக்கிருந்த பதவியை விட்டுவிட்டார். பிரம்மசாரிகளுக்குத்தான் அந்தப் பதவி என்பது அன்றைய விதி. ராயல் அகாடமி கடைசிவரை அவரைத் தன் அங்கத்தினராக்கவில்லை. மூன்று பெண் குழந்தைகள். தூரிகையை மட்டும் நம்பிய வீட்டில் மனைவியின் பேனாவும் ஓட வேண்டியிருந்தது என்று ஊகிப்பதில் தவறில்லை.

கிரிம் கதைகள் மட்டும் வேறு வாசலில் நுழைந்தன. அவற்றைப் பிரசுரித்தது 'போன்ஸ் ஸ்டாண்டர்டு லைப்ரரி' என்ற வரிசை. பழங்கதை ஆராய்ச்சியாளரான ஆண்ட்ரூ லாங் முன்னுரை எழுதினார். கிரிம் சகோதரர்களின் கடைசிப் பதிப்பில் 200 கதைகளும் குழந்தைகளுக்கான 10 புனிதக் கதைகளும் உண்டு. அவற்றோடு சகோதரர்களின் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் சேர்த்து மொழிபெயர்த்தார். மேஜைக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

அந்தச் சுதந்திரத்தை அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு அறுபது வருஷம் முன்பே, 1823-ல், எட்கர் டெய்லர் என்ற வக்கீல் இந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்திருந்தார். நல்ல, சுகமான நடை. ஆனால் டெய்லருக்குக் கை நடுங்கும். தவளை ராஜகுமாரன் கதையில், அவர் புத்தகத்தில், தவளை மூன்று ராத்திரி தலையணையில் தூங்கி, சமர்த்தாக ராஜகுமாரனாகிவிடுகிறது. மூலத்தில் அப்படி இல்லை. அருவருப்பும் ஆத்திரமும் தாங்காமல் அந்தப் பெண் தவளையைத் தூக்கிச் சுவரில் அறைகிறாள். அப்போதுதான் அது மனித உருவம் பெறுகிறது. ஸ்னோ ஒயிட் கதையில் கொடிய ராணி டெய்லரிடம் பொறாமையால் நோய்வாய்ப்பட்டுச் சாகிறாள். மூலத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு, விழுந்து சாகும்வரை ஆட வேண்டும்.

மார்கரெட் ஹண்ட் சுவரையும் வைத்தார், செருப்பையும் வைத்தார். ஓரிரண்டு இடங்களைச் சற்று மென்மையாக்கியிருப்பதாக முகவுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். மற்றபடி கைவைக்கவில்லை.

இந்தக் கட்டுப்பாடு அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம். தகப்பனார் ஜேம்ஸ் ரெய்ன், டர்ஹாம் நகரத்துப் பாதிரியார். பழைய ஏடுகளையும் சாஸனங்களையும் பதிப்பிப்பதற்காக 1834-ல் ஏற்பட்ட சர்டீஸ் சங்கத்தின் முதல் காரியதரிசி. தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சாஸனத்தில் ஒரு வரியை மாற்றுகிறவன் பதிப்பாசிரியன் அல்ல என்பது அந்த வீட்டில் பாலபாடமாக இருந்திருக்கும்.

குறை சொல்லாமல் விட முடியாது. பேச்சு நடை பல இடங்களில் பழைய பைபிள் வாடை அடிக்கிறது. 1944-ல் நியூயார்க் பதிப்புக்காக ஜேம்ஸ் ஸ்டெர்ன் இந்த மொழிபெயர்ப்பைத் திருத்தி எடுக்க வேண்டியிருந்தது. விசுவாசத்துக்கு ஒரு விலையும் உண்டு. முள்ளுக்குள் மாட்டிய யூதனைக் கேலிசெய்து தூக்கில் போடும் கதையும் தொகுப்பில் இருக்கிறது. இன்று படித்தால் உடம்பு கூசுகிறது. அதையும் அவர் அப்படியே கொடுத்தார். அழகை மட்டும் வைத்துக்கொண்டு அசிங்கத்தைக் களைந்திருந்தால் அந்த ஜனங்களைப் பற்றி நமக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

நானும் கை நடுங்கியவன்தான். ஒரு தொடர்கதையில் சாக வேண்டியவளை, வாசகர் கடிதங்களுக்குப் பயந்து, கடைசி மூன்று அத்தியாயங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நாவலை நான் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை.

அம்மாளின் கடைசி நாவல் 'தி கவர்னஸ்'. மூத்த மகள் வயலெட், அவளும் நாவலாசிரியை, அதை முடித்துக் கொடுக்க, தாயார் இறந்த 1912-லேயே புத்தகம் வெளிவந்தது. இன்று இலக்கிய சரித்திரத்தில் தாயைவிட மகளுக்குத்தான் இடம் அதிகம். தாயின் பெயர் மகளின் கதையில் ஒரு அடிக்குறிப்பாக வருகிறது. ஆனால் உலகத்தில் எங்கோ ஒரு குழந்தை, அந்தத் தவளை சுவரில் மோதுவதை ஆங்கிலத்தில் படித்துத் திடுக்கிடுகிறதென்றால், பெரும்பாலும் அது இவருடைய வாக்கியமாகவோ, அதைத் திருத்திய வாக்கியமாகவோ இருக்கும். பெயரைக் குழந்தை பார்க்காது. திடுக்கிட்டது மட்டும் மறக்காது.