ஐந்து துப்பாக்கிக்கு ஒரு தோட்டா

கௌபாய் படங்களில் எல்லோரும் ஹீரோவின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கொஞ்ச நாளாக இடுப்பைப் பார்க்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள்... பெல்ட்டில் வரிசையாகச் செருகியிருக்கும் தோட்டாக்களைச் சொல்கிறேன்.

ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) கதை நடப்பது 1880 வாக்கில். அதில் ஜான் வேய்ன் ஸ்டைலாகச் சுழற்றும் ரைஃபிளோ வின்செஸ்டரின் 1892 மாடல்! பிறக்காத துப்பாக்கி எப்படிச் சுட்டது?

எல்லாம் சிக்கனம்தான். ஹாலிவுட்டில் ‘ஃபைவ் இன் ஒன்’ என்றொரு வெற்றுத் தோட்டா உண்டு. குண்டு கிடையாது, சத்தமும் புகையும்தான். இரண்டு வகை ரைஃபிள், மூன்று வகை ரிவால்வர், ஐந்துக்கும் அது ஒன்றே போதும். 1892 மாடலும் தாராளமாகக் கிடைத்தது, இந்தத் தோட்டாவும் அதில் பொருந்தியது. பி.காம். படித்தவனுக்கு இந்த ஸ்டாக் கணக்கு சட்டென்று புரிகிறது.

இதை மன்னித்துவிடலாம். வேய்ன் கையில் நியாயமாக இருந்திருக்க வேண்டிய 1873 மாடலும் லீவரை இழுத்து இழுத்துச் சுடுவதுதான். கதை ஒரு அங்குலம்கூட நகராது.

செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ (1966) விஷயம் வேறு. கதை 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடக்கிறது. ஹோட்டல் அறையில் கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் கோல்ட் ரிவால்வரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே ராணுவத்தின் அணிவகுப்புச் சத்தம் நிற்கிறது. உள்ளே பூட்ஸ் முள்ளின் ஓசை! அவசரமாகத் துப்பாக்கியைப் பூட்டி, பித்தளைத் தோட்டாவைப் போட்டு, கதவைத் திறந்தவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்.

நிஜத்தில் ஆள் காலி, ஸார்!

பித்தளைத் தோட்டா அன்று ஹென்றி ரைஃபிளுக்கு இருந்தது. கோல்ட் ரிவால்வருக்கு இல்லை. பின்பக்கமாகத் தோட்டா போடும் சிலிண்டருக்கான பேட்டன்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியிடம் 1869 வரை இருந்தது. கோல்ட்காரர் ஒவ்வொரு ஓட்டையிலும் முன்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு, கெட்டித்து, பின்னால் குட்டியாக ஒரு கேப் செருகியாக வேண்டும். அதற்குள் எதிரி காபி குடித்துவிட்டே வந்து சுடலாம்.

எனக்கு வருத்தம், தகவல் பிழை பற்றியல்ல. கிளைமாக்ஸில் மூன்று பேரை வெறுமனே முறைக்கவிட்டு, நிமிஷக்கணக்கில் நம் இதயத்தை நிறுத்தியவர் லியோனி. மருந்து, குண்டு, கேப், மாடிப்படியில் காலடி... சரித்திரம் அவருக்கு இலவசமாகவே ஒரு சஸ்பென்ஸ் கொடுத்தது. அதைப் போய்த் தவறவிட்டாரே!