கண்டறிதலுக்குப் பின் என்ன? போடி மலைச்சரிவுப் பள்ளிகளும் உள்ளடக்கிய கல்விப் பயிற்சியும்

ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி., அறிவுசார் குறைபாடு ஆகியவற்றைக் கொண்ட குழந்தைகளை இன்று நரம்பியல் பன்மை என்ற பொதுப்பெயரில் சேர்த்துக் குறிப்பிடுகிறார்கள். கேட்டதை நினைவில் நிறுத்துவது, எழுத்தை ஒலியோடு இணைப்பது, ஒன்றில் கவனம் செலுத்துவது, பிறரோடு பழகுவது ஆகியவற்றில் இவர்கள் மற்றப் பிள்ளைகளிலிருந்து வேறுபடுகிறார்கள். இவர்களில் மிகப் பலர் படிப்பது ஊருக்குள் இருக்கும் சாதாரணத் தொடக்கப் பள்ளியில், முப்பது பிள்ளைகளில் ஒருவராகத்தான். எனவே அந்த வகுப்பின் ஆசிரியரும் பள்ளியின் பிற பணியாளர்களும் எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதே இக்குழந்தைகளின் கல்வியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தயாரிப்பு தமிழ்நாட்டில் எப்படி நடக்கிறது, எங்கே பலன் தருகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் (போடி) ஒன்றியத்தையும் அதை ஒட்டிய ஏலமலைச் சரிவையும் களமாகக் கொண்டு எடைபோடலாம். நகரம், அடிவாரக் கிராமம், மலைக் குடியிருப்பு மூன்றும் அருகருகே இருப்பதால் பயிற்சியின் நிறைகுறைகள் இங்கே தெளிவாகத் தெரிகின்றன.

சட்டமும் அமைப்பும்

இத்தயாரிப்புக்கு அடிப்படை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை அது 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் இடம்பெற்றன. கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து தக்க கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று பிரிவு 16 பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்க வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி தர வேண்டும் என்று பிரிவு 17 அரசுக்குச் சொல்கிறது.

தமிழ்நாட்டில் தயாரிப்பு மூன்று அடுக்குகளில் நடக்கிறது. முதலாவது, பணிக்கு வருமுன் கற்பது. பி.எட். படிப்பு ஈராண்டாக மாறியபின் உள்ளடக்கிய பள்ளி குறித்து ஒரு தாள் சேர்ந்தது. இரண்டாவது, பணியிடைப் பயிற்சி. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டார வள மையத்துக்கும், அங்கிருந்து குறுவள மையத்துக்கும் அதைக் கொண்டுசெல்கிறார்கள். இணையவழிப் பயிற்சியும் இதனோடு சேர்ந்துள்ளது. மூன்றாவது, சிறப்பாசிரியர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையத்தில் பணியாற்றும் இவர்கள் முறைவைத்துப் பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்கிறார்கள்.

நிறைகள்

இந்த ஏற்பாட்டின் முதல் நன்மை அதன் பரப்பு. சென்னையில் 1991இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற தன்னார்வ அமைப்புகள் ஆசிரியர் பயிற்சியில் முன்னோடிகள். ஆனால் எந்தத் தனி அமைப்பும் போடிக்கு அருகிலுள்ள குரங்கணி அடிவாரத்துப் பள்ளி வரை தானாக வந்துவிட முடியாது. அரசின் வட்டார வள மைய வலையமைப்பு அங்கே வரை எட்டுகிறது. 2022இல் அறிமுகமான ‘நலம் நாடி’ செயலி வகுப்பாசிரியரின் கையிலேயே முதல்நிலைக் கண்டறிதலைக் கொடுத்தது. மருத்துவர் பார்க்கும் வரை காத்திராமல், தினமும் குழந்தையைப் பார்ப்பவரே ஐயத்தைப் பதிவு செய்யலாம் என்பது பெரிய மாற்றம். ‘மக்கு’, ‘சேட்டைக்காரன்’ என்ற சொற்களோடு முடிந்துபோன பிள்ளைகள் பலர் இன்று மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள்.

இரண்டாவது நன்மை, தமிழகத் தொடக்கக் கல்வியில் ஏற்கெனவே வேரூன்றியுள்ள ஒரு பழக்கம். 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணிப்படிகளையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறலாம் என்ற எண்ணத்தை ஆசிரியர்களிடம் ஊன்றியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. எல்லோரும் ஒரே பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்த வகுப்பில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. உள்ளடக்கிய கல்விக்குத் தேவையான அடித்தளத்தில் பாதி இங்கே தயாராகவே இருக்கிறது.

மூன்றாவது, தேர்வுச் சலுகைகள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு ஆகியவை தகுதியுள்ள மாணவர்களுக்குக் கிடைக்கின்றன. இச்சலுகைகளைப் பற்றி ஆசிரியர்களிடம் விழிப்பு பரவியதில் பயிற்சிகளுக்குப் பங்குண்டு.

குறைகள்

முதற்குறை, பயிற்சியின் எடை கண்டறிதலின் பக்கம் சாய்ந்திருப்பது. 21 வகைகளின் பெயர்கள், அறிகுறிகள், செயலியில் பதிவேற்றும் முறை ஆகியவையே நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. பதிவேற்றிய மறுநாள் காலை அந்தக் குழந்தை அதே பெஞ்சில் இருக்கிறது. அதற்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பதற்கு விடை இல்லை. பட்டியலைப் பற்றிக்கொள்வதில் இன்னொரு இழப்பும் உண்டு. ஏ.டி.எச்.டி. அந்த 21 வகைகளில் இல்லை. வகுப்பறையில் மிக அதிகமாகத் தண்டனை வாங்கும் குழந்தை சான்றிதழுக்கும் சலுகைக்கும் வெளியே நிற்கிறது.

கற்பித்தல் பக்கம் எவ்வளவு வெறுமையாக உள்ளது என்பதைத் தமிழ் எழுத்திலேயே காணலாம். டிஸ்லெக்சியா குறித்த பயிற்சிகளில் ஆங்கிலத்தின் பி, டி எழுத்துகள் இடம்வலம் மாறுவதே எடுத்துக்காட்டாக வருகிறது. தமிழ் படிக்கும் குழந்தையின் சிக்கல் வேறு. ‘கெ’ என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ ககரத்துக்குப் பின் வருகிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கொடை’ என்று எழுத, வாய் சொல்லும் வரிசையில் கை போகக்கூடாது. ஒலியையும் குறியையும் இணைப்பதிலேயே தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. கூடவே ர-ற, ல-ள-ழ, ன-ண-ந வேறுபாடுகள் பேச்சில் மங்கிப்போய் எழுத்தில் மட்டும் நிற்கின்றன. கொம்புக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் என்று எழுதிக் காட்டுவது, மணலில் விரலால் எழுதவைத்துக்கொண்டே ஒலிக்கச் செய்வது, விடையை வாய்மொழியாக ஏற்றுக்கொள்வது போன்றவை செலவில்லாத வழிகள். இரண்டாம் வகுப்பு ஆசிரியருக்கு வேண்டியது இதுதான். தமிழ் எழுத்தை மையமாக வைத்த பயிற்சி ஏடு ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் குறை, அடுக்கடுக்காக இறங்கும் பயிற்சியில் ஏற்படும் தேய்வு. மாநிலக் கருத்தாளர் செய்துகாட்டியது மாவட்டத்தில் விளக்கவுரையாகிறது; குறுவள மையத்தை அடையும்போது திரையில் ஓடும் படக்காட்சியாகிவிடுகிறது. கேட்டறிந்த கோட்பாடு மட்டும் வகுப்பறைப் பழக்கமாக மாறுவது அரிது, உடனிருந்து வழிகாட்டினால்தான் மாறும் என்பதை அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே வலியுறுத்தினர். இணையவழிப் பயிற்சி இன்னும் தொலைவில் நிற்கிறது. காணொலி முடிந்ததும் வினாடி வினா, அதன்பின் சான்றிதழ் என்ற ஏற்பாடு, ஆசிரியர் பார்த்தார் என்பதைக் காட்டும். வகுப்பில் செய்தார் என்பதைக் காட்டாது.

மூன்றாம் குறை, சிறப்பாசிரியர்களின் நிலை. தொடக்க நிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வகுத்தது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தமிழ்நாட்டில் திட்ட நிதியில் தொகுப்பூதியம் பெறும் சிறப்பாசிரியர்களே இப்பணியைத் தாங்குகிறார்கள். 2024-25இல் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தை முன்வைத்து ஒன்றிய அரசு ரூ.2,152 கோடியை விடுவிக்காமல் நிறுத்தியபோது, திட்ட நிதியை நம்பிய பணி எவ்வளவு உறுதியற்றது என்பது வெளிப்பட்டது. ஒரு குழந்தையின் நம்பிக்கையைப் பெறவே மாதங்கள் ஆகும் பணிக்கு நிலையான ஆள் தேவை.

நான்காம் குறை, பயிற்சி ஆசிரியரோடு நின்றுவிடுவது. சட்டம் பணியாளர் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. காலை உணவு பரிமாறுபவர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், அலுவலக உதவியாளர் எவருக்கும் இதில் இடமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளியின் கடினமான நேரம் பெரும்பாலும் பாட வேளையாக இருப்பதில்லை. மதிய மணி அடித்ததும் எழும் இரைச்சல், தட்டுகள் மோதும் ஓசை, முன்னும் பின்னும் இடிக்கும் வரிசை, சாம்பாரும் முட்டையும் கலந்த மணம் எல்லாம் ஒரே சமயத்தில் தாக்குகின்றன. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது; தட்டைத் தள்ளிவிடுகிறது. அது அடமாகத் தெரிகிறது, அதட்டல் விழுகிறது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அந்தக் குழந்தையை அழைத்து, ஓரத்தில் ஒரே இடத்தில் உட்காரவைத்து, சோறும் குழம்பும் கலக்காமல் தனித்தனியாக வைத்தால் பெரும்பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதைச் செய்யக்கூடியவர் சமையலர் அக்காதான். அவருக்குச் சொல்லித்தர அரைநாள் போதும்.

மலைச்சரிவின் சிக்கல்கள்

போடியின் வாழ்க்கை ஏலக்காயைச் சுற்றி ஓடுகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே நடக்கிறது. போடி மெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஜீப்புகளில் கிளம்பும் பெண்கள் மாலையில்தான் இறங்குகிறார்கள். பெற்றோரைச் சந்தித்துப் பேச வேண்டும் என்று பயிற்சி ஏடு சொல்கிறது. பள்ளி நேரத்தில் தாய் மலைமேல் இருக்கிறார். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போடியிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. அங்கே குழந்தையை மதிப்பீட்டுக்குக் கூட்டிச்செல்வது என்றால் ஒருநாள் கூலி போகும். அடுத்த முறை வரச்சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். அழைத்தும் வராத பெற்றோர் என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. ஞாயிறன்று முகாம் வைப்பதும், மாலையில் ஜீப் நிற்கும் இடத்துக்கே சென்று பேசுவதும் பயனுள்ளவை.

காய் எடுப்புப் பருவத்தில் சில குடும்பங்கள் பிள்ளைகளோடு தோட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளை எழுத்துக்கூட்டத் தெரியாமல் திரும்பும்போது, அது கற்றல் குறைபாடா, கற்பிக்கப்படாததன் விளைவா என்று பிரித்தறிய ஆசிரியர் பயிற்றுவிக்கப்படவில்லை. தவறு இருபுறமும் நேர்கிறது. வராததால் பின்தங்கிய பிள்ளை குறைபாடுள்ளவராகப் பதிவாகலாம். உண்மையாகவே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ‘லீவு போட்டதால் வந்த வினை’ என்று விடப்படலாம். கொட்டகுடி ஊராட்சியின் மலைக் குடியிருப்புகளில் வாழும் முதுவர் பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு பாடநூல் தமிழிலிருந்து விலகியது. போடி நகரிலும் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகள் பல. மொழி வேறுபாட்டையும் பேச்சு வளர்ச்சித் தாமதத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும் பயிற்சி இங்கே இன்றியமையாதது. சில வாரம் தீவிரமாகக் கற்பித்து, முன்னேற்றத்தைக் குறித்துவைத்து, அதன் பிறகே ஐயத்தைப் பதிவு செய்வது பாதுகாப்பான முறை.

மாநில எல்லையும் குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளி விவரம் எமிஸ் தளத்தில் உள்ளது, கேரளப் பள்ளி விவரம் சம்பூர்ணா தளத்தில் உள்ளது. உடும்பன்சோலையில் படித்துவிட்டுப் போடிக்கு வரும் குழந்தைக்கென வகுத்த தனிநபர் கல்வித் திட்டம் கூடவே வருவதற்கு வழியில்லை. எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒரு பக்க அளவில் குழந்தைக்கு எது பிடிக்கும், எது கலங்கவைக்கும், எந்த முறை பலித்தது என்று எழுதித் தாயிடமே கொடுத்தனுப்பினால் இந்த இடைவெளி பெருமளவு குறையும்.

ஈராசிரியர் பள்ளியின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் பார்க்கிறார். மலைப்பள்ளி ஆசிரியரைக் கீழே வரவழைப்பதைவிடப் பயிற்றுநரை மேலே அனுப்புவதே முறை.

மதிப்பீடு

இந்தப் பயிற்சி ஏற்பாட்டை வெறும் காகிதத் திட்டம் என்று தள்ளுவது நியாயமல்ல. சட்டம் இருக்கிறது, ஒன்றியம் வரை அமைப்பு இருக்கிறது, தன் வேகத்தில் கற்கும் மரபு இருக்கிறது, குறைந்த ஊதியத்தில் மலையேறும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். குறை, பயிற்சியின் உள்ளடக்கத்திலும் அது நடக்கும் இடத்திலும் உள்ளது. கூடத்தில் நடக்கும் பயிற்சி நாள்களில் ஒரு பகுதியையாவது வகுப்பறைக்குள் மாற்ற வேண்டும். சிறப்பாசிரியர் குழந்தையைத் தனியே அழைத்துச்சென்று கற்பிக்கும் நேரத்தைக் குறைத்து, வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும். இங்கிலாந்தில் ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஓர் ஆசிரியர் கட்டாயம் உண்டு. தமிழ்நாட்டில் குறுவள மையத்துக்கு ஒருவரையாவது அப்படி ஆழமாகப் பயிற்றுவித்து, நிலையான பணியிடத்தில் அமர்த்த முடியும்.

கண்டறிந்த குழந்தைகளின் எண்ணிக்கை இதுவரை அளவுகோலாக இருந்தது. அக்குழந்தைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் பள்ளியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒரு பத்தியைத் தாமே படிக்கிறார்கள், எத்தனை பேர் மதிய உணவை அமைதியாக உண்கிறார்கள் என்பதே இனி அளவுகோலாக வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் பயிற்சிக்கே அரசு செலவிட வேண்டும்.