இறங்கவும் 8,500 மிதி

இத்தாலியின் தென் திரோல் பகுதியில், பிராட் ஊரிலிருந்து ஸ்டெல்வியோ கணவாய்க்கு ஏறும் சாலையின் நீளம் 24.3 கிலோமீட்டர். எண் எழுதிய கொண்டை ஊசி வளைவுகள் 48. உச்சியின் உயரம் 2,757 மீட்டர். 36 அங்குலச் சக்கரம் கொண்ட ஒற்றைச் சக்கர சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் 2.87 மீட்டர் போகலாம். வகுத்துப் பார்த்தால் உச்சியை எட்ட ஏறக்குறைய 8,500 சுற்று ஆகிறது. இறங்கி வரவும் அதே 8,500 சுற்று.

அந்த இரண்டாவது எண்ணில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தில் கிராங்க் நேராக அச்சிலேயே பூட்டியிருக்கும். செயின் கிடையாது, ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுழலும்வரை காலும் சுழன்றாக வேண்டும். சாதாரண சைக்கிள்காரர் உச்சியைத் தாண்டியதும் பெடலை நிறுத்திவிட்டு உருண்டு வருவார். இவருக்கு அந்த ஓய்வு இல்லை. வெயில் நாளில் இது பெரிய குறை. மழையும் குளிரும் சேர்ந்த நாளில் இந்தக் குறையே ஆளைக் காப்பாற்றும் என்பது என் கணிப்பு.

பக்கத்திலேயே இருக்கும் காவியா கணவாயில் 1988 ஜூன் 5 அன்று நடந்ததைப் பாருங்கள். ஜீரோ டி இத்தாலியா பந்தயம் பனிப்பொழிவுக்குள் சிக்கியது. நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கைச் சட்டையோடு முதல் ஆளாக உச்சியைத் தாண்டினார். இறக்கத்தில் உடல் விறைத்துப் போய் நின்றுவிட்டார். எல்லைக்கோட்டை அவர் தொட்டபோது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஸ்டேஜை வென்றவர் எரிக் பிரோய்கிங்க்; ஒட்டுமொத்த முன்னிலைக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி ஆண்டி ஹாம்ப்ஸ்டனுக்கு. ஏற்றம் வான் டெர் வெல்டேயைத் தோற்கடிக்கவில்லை. ஏறும்போது உடம்பே அடுப்பு. நனைந்த துணியோடு, கால் அசையாமல், வேகமாக இறங்கும்போதுதான் அந்த அடுப்பு அணைகிறது.

ஒற்றைச் சக்கரக்காரர் அந்தச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் இறங்கினால் அது துணிச்சல் கணக்கில் சேரும். அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று குறைவு. நிமிடத்துக்கு 87 சுற்று கால் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே வரும் பெடலைத் தொடை எதிர்த்து அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பிரேக் வாங்காத ஆற்றலெல்லாம் அந்தத் தசையிலேயே வெப்பமாக மாறுகிறது. விலை இல்லாமல் இல்லை. சைக்கிளில் அரை மணி நேரத்துச் சொச்சத்தில் முடியும் இறக்கம் இங்கே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இழுக்கும். அத்தனை நேரமும் மழை தலையில் கொட்டும். நீண்டுகொண்டே பாரம் தாங்கிய தசை மறுநாள் காலை படிக்கட்டு இறங்கவே மறுக்கும். ஒருநாள் சவாரிக்கு இது பொருட்டில்லை. ஐந்து நாள் பயணத்தில் இரண்டாம் நாளே கதையை முடித்துவிடும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே டிஸ்க் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இறங்கி, முழங்கால் மூட்டை மிச்சம் பிடிப்பவரே நல்ல பயணி.

குளிரைவிட எனக்கு அச்சம் காற்றின் மேல்தான். எதிர்க்காற்று அடித்தால் ஆள் அதன் மேல் சாய்ந்து மிதிக்கிறார். காற்று பலமாக இருப்பதால் விழுவதில்லை. அது சட்டென்று நிற்கும் நொடியில்தான் முன்பக்கம் விழுகிறார். ஸ்டெல்வியோவில் ஒவ்வொரு வளைவிலும் சாலை திசை மாறுகிறது. இந்தப் பக்கம் நெஞ்சில் அடித்த காற்று அடுத்த திருப்பத்தில் முதுகைத் தள்ளும். பக்கவாட்டில் வந்தால் ஆள் உயரத்துக்குப் பாதியாக நிற்கும் சக்கரம் பாயைப் போல அதைப் பிடித்துக்கொள்ளும். வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு சற்றுத் தட்டை. அனுபவசாலிகள் வெளிப்பக்கமே சுற்றிப் போவார்கள். ஈரத்தில் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொடமாட்டார்கள். தரையைத் தொடுவது ஒரே ஒரு டயர். அது வழுக்கினால் சமாளிக்க இன்னொன்று இல்லை.

குழுவாகப் போவதால் என்ன லாபம்? சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றிலிருந்து ஒதுங்கலாம். எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போகிறவர்களுக்கு அந்த லாபம் சொற்பம். போதாக்குறைக்கு, நெருங்கி ஓட்டினால் ஒருவர் தடுமாறும்போது இருவர் விழுவார்கள். உண்மையான லாபம் தோள். 36 அங்குலச் சக்கரத்தில் ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி ஏறி உட்காருவது பெரும்பாடு. சாலைக்குக் குறுக்கே திருப்பி வைத்து ஏற வேண்டும், அல்லது ஓரத்துக் கல்சுவரைப் பிடிக்க வேண்டும். கை விறைத்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் தோளை நீட்டினால் மூன்று முயற்சி ஒன்றாகக் குறையும். மூடுபனியில் பின்னால் வரும் காரை முதலில் பார்ப்பதும் குழுவின் கடைசிக் கண்தான்.

நஷ்டமும் இருக்கிறது, அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பிரிட்டனின் எட் பிராட் 2015 மார்ச்சில் கிளம்பி 2018 ஜூலையில் ஒற்றைச் சக்கரத்திலேயே உலகைச் சுற்றி ஊர் திரும்பினார். தனி ஆள் என்பதால் யாருக்காகவும் அவர் நிற்க வேண்டியதில்லை. எட்டுப் பேர் போனால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே இந்த ஏற்றத்தில் எளிதாக ஒரு மணி நேரம் விழும். முதல் ஆள் எங்கே காத்திருக்கிறார்? வழக்கமாக உச்சியில், படம் எடுத்தபடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி இறங்கும். அடிவாரத்துப் பிராட் ஊரில் 14 டிகிரித் தூறல் என்றால் உச்சியில் இரண்டு டிகிரி, பனி கலந்த மழை. வியர்வையில் நனைந்தவர் அங்கே ஒரு மணி நேரம் நின்றால் காவியாவில் வான் டெர் வெல்டேக்கு நேர்ந்ததுதான் அவருக்கும். ஒற்றைச் சக்கரம் தந்த வெப்பத்தை அவர் நின்றே தொலைத்துவிடுகிறார்.

எனவே கூடும் இடம் உச்சியாக இருக்கக் கூடாது. இந்தச் சாலையில் அதற்கு இயற்கையாகவே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, 1,500 மீட்டரைத் தாண்டி வரும் டிராஃபோய். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தங்கம் வென்ற குஸ்தாவ் தோனியின் ஊர். அங்கே கூரை இருக்கிறது, சூடான சூப் இருக்கிறது. இன்னொன்று, 2,188 மீட்டரில் ஃபிரான்சன்ஸ்ஹோஹே விடுதி. அதிலிருந்து கடைசி ஆளை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கு எல்லோரும் பின்னால் போக வேண்டும். வேகமான இளைஞர்களுக்கு இது எரிச்சலைத் தரும். தரட்டும்.

2014 மே 27 அன்று இதே ஸ்டெல்வியோவில், பனிக்கு நடுவே, இறக்கத்தில் ஜீரோ டி இத்தாலியா பந்தயம் நிறுத்தி வைக்கப்பட்டதா இல்லையா என்று தெரியாமல் பலர் வேகத்தைக் குறைத்தார்கள். நைரோ கின்டானா முன்னே போய் வால் மார்டெல்லோவில் வென்று, ரிகோபெர்டோ உரானின் இளஞ்சிவப்பு ஜெர்சியை வாங்கிக்கொண்டார். தொழில்முறை அணிகளுக்கே, காதில் ரேடியோ இருந்தும், மலையில் ஒரு முடிவு எல்லோரிடமும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. அதனால்தான் சுற்றுப்பயணக் குழு தன் முடிவுகளைக் காலையில், பிராட்டில், காபி குடிக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்கிறேன். எத்தனை மணிக்கு ஃபிரான்சன்ஸ்ஹோஹே, யார் கடைசி, எந்த நேரத்துக்குப் பிறகு மேலே போவதில்லை.

பிற்பகல் மூன்று மணியாகி, விடுதி வாசலில் நின்று பார்க்கும்போது மேலே உள்ள வளைவுகளை மேகம் மூடியிருந்தால், நான் குழுத்தலைவராக இருந்தால் அங்கேயே திருப்புவேன். எவரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. கீழே போய்ச் சேர அப்போதும் சில ஆயிரம் மிதி பாக்கி இருக்கும்.