பள்ளியறைச் சுவரில் ஒரு படக்கதை

காவியத்தைப் படக்கதையாக்கும்போது மூலத்துக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும்? இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு மட்டாஞ்சேரி அரண்மனைதான் நினைவுக்கு வரும். போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தது. 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் ஊரார் வாயில் அது டச்சு அரண்மனை.

மன்னரின் பள்ளியறைக்குள் போனால் கண் சுவரை விட்டு நகராது. தசரதனின் வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்தி திரும்பும்வரை கதை ஓடுகிறது. கட்டம் இல்லை, பேச்சுக் குமிழ் இல்லை. ஒரு காட்சியின் தோளை உரசிக்கொண்டு அடுத்த காட்சி. காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நெருக்கியடிக்க, மூச்சுவிட ஒரு சாண் வெற்றிடம்கூடக் கிடைக்காது.

தேவியர் மூவரும் பிள்ளை பெறும் காட்சிமுன் வெகுநேரம் நின்றேன். ஏட்டில் எழுதுபவர் 'பிறந்தான்' என்று ஒரே சொல்லில் கடந்துவிடலாம். ஓவியர் கடக்க முடியாது. பெற்றெடுக்கும் உடலையே வரைந்தாக வேண்டும். அவர் வரைந்திருக்கிறார், கூசாமல். மூலத்தின்மேல் இதைவிடப் பெரிய விசுவாசம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மூலமும் வால்மீகி அல்ல, மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் என்கிறார்கள் அறிஞர்கள். அதுவே சமஸ்கிருதத்திலிருந்து மலையாளத்துக்கு வந்த கிளிப்பாட்டு. கிளி சொல்லக் கேட்ட கதையைச் சுவர் திருப்பிச் சொல்கிறது. ராமனுக்கு வாய்த்திருப்பதோ கேரளத்து மகுடம், கேரளத்து அகன்ற விழி.

1967இல் தொடங்கிய அமர் சித்ர கதா படக்கதை இதழ்களில் வளர்ந்தவன் நான். இங்கே பக்கம் புரட்ட வேண்டியதில்லை. கழுத்தைத் திருப்பினால் போதும்.